பகைவனுக்கும் ஒரு கல்லறை

டிராய்ப் போர் என்றவுடன் நம்முள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது மரக்குதிரை. பத்தாண்டுகள் முற்றுகையிட்டும் வீழாத கோட்டை, வீரர்களைத் தன் வயிற்றுக்குள் சுமந்துவந்த ஒரு மரக்குதிரையால் வீழ்ந்தது என்னும் கதையை நாம் பள்ளிப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். ஆனால் அப்போரைப் பாடிய 'இலியட்' காவியத்தை முதலடி தொடங்கி ஈற்றடி வரை தேடினாலும் அக்குதிரை அதில் அகப்படாது. அக்கதை 'ஒடிசி'யில் சுருக்கமாகவும், உரோமைக் கவிஞர் வெர்ஜில் இயற்றிய 'ஈனிட்' காவியத்தில் விரிவாகவும் வருகிறது. மாவீரன் அக்கிலிஸ் மாண்ட செய்தியும், டிராய் நகர் எரிந்த செய்தியும்கூட இலியடில் நிகழ்ச்சிகளாக இடம்பெறவில்லை.

அப்படியானால், ஏறத்தாழ 15,700 அடிகளும் 24 பகுதிகளும் கொண்ட அப்பெருங்காவியம் எங்கே முடிகிறது? தோற்கவிருக்கும் நகரத்தின் இளவரசன் ஒருவனுடைய அடக்கத்தோடு முடிகிறது. பாடியவர் கிரேக்கர், கேட்டவர்கள் கிரேக்கர், வென்றவர்களும் கிரேக்கரே. எனினும் பாட்டின் கடைசிக் கண்ணீர் பகைவனுக்காகச் சிந்தப்படுகிறது. ஏறத்தாழ 2,700 ஆண்டுகளாக மனித இனம் இப்பாட்டை இழந்துவிடாமல் காத்து வந்திருக்கிறது. அதன் வரலாற்றையும், அதை வாசித்தவர்கள் அதில் எதைக் கண்டார்கள், எதைக் காணத் தவறினார்கள் என்பதையும் இங்குச் சற்றுச் சிந்திப்போம்.

சினத்தில் தொடங்கிய கதை

காவியத்தின் கிரேக்க மூலத்தில் முதற்சொல்லே சினத்தைக் குறிக்கும் சொல்லாகும். போரின் பத்தாம் ஆண்டில் கதை தொடங்குகிறது. கிரேக்கப் படைகளின் தலைவன் அகமெம்னன். படையின் தலைசிறந்த வீரன் அக்கிலிஸ். போரில் சிறைப்பட்ட பிரிசையிஸ் என்னும் பெண்ணை அக்கிலிசிடமிருந்து அகமெம்னன் பறித்துக்கொள்கிறான். தன் மதிப்புக்கு இழுக்கு நேர்ந்ததெனக் கருதிய அக்கிலிஸ் போரிலிருந்து விலகிக்கொள்கிறான். அவன் விலகியதால் கிரேக்கர் நூற்றுக்கணக்கில் மடிகின்றனர். இறுதியில் அவனுடைய ஆருயிர் நண்பன் பட்ரோக்ளஸ், அக்கிலிசின் கவசத்தை அணிந்து களம் புகுந்து, டிராய் இளவரசன் ஹெக்டரின் கையால் மாள்கிறான்.

அதன்பின் அக்கிலிசின் சினம் திசை மாறுகிறது. அவன் ஹெக்டரைக் கொல்கிறான். கொன்றதோடு அமையாமல், சடலத்தின் கால்களில் வாரைக் கோத்துத் தேரில் கட்டி, பெற்றோர் மதில்மேல் நின்று பார்த்துக் கதறப் புழுதியில் இழுத்துச் செல்கிறான். நண்பனின் சிதையில் டிராய் நகர இளைஞர் பன்னிருவரை வெட்டிப் பலியிடுகிறான். கவிஞர் தம் நாயகனின் இச்செயல்களை மறைக்கவில்லை, நியாயப்படுத்தவும் இல்லை. இவ்வளவுக்குப் பின்னும் அக்கிலிசின் நெஞ்சம் ஆறவில்லை. உறக்கமின்றிக் கடற்கரையில் அலைகிறான். விடிந்ததும் சடலத்தை மீண்டும் இழுக்கிறான். பழிவாங்குதல் துயரத்தைத் தீர்ப்பதில்லை என்பதை நிகழ்ச்சிகளாலேயே கவிஞர் காட்டிவிடுகிறார்.

ஹெக்டர் யார் என்பதையும் அவர் முன்னரே நமக்குக் காட்டியிருக்கிறார். ஆறாம் பகுதியில் ஹெக்டர் மனைவி அந்திரோமக்கியிடம் விடைபெறுகிறான். கைக்குழந்தை தந்தையின் தலைக்கவசத்தையும் அதில் அசையும் குதிரைமயிர்க் குஞ்சத்தையும் கண்டு அஞ்சி வீறிட்டு அழுகிறது. பெற்றோர் இருவரும் சிரித்துவிடுகின்றனர். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை வாங்கி முத்தமிடுகிறான். பகைவர் படையின் முதல்வனை இப்படி நமக்கு அறிமுகம் செய்த கவிஞர், அவன் சாகும்போது நாம் மகிழ்வதற்கு இடம் வைக்கவில்லை.

ஒரு தந்தையின் முத்தம்

இருபத்து நான்காம் பகுதிதான் காவியத்தின் சிகரம். ஹெக்டரின் தந்தை, முதிய மன்னன் பிரியாம், மகனின் உடலை மீட்பதற்கான பொருள்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு, இரவோடிரவாகப் பகைவர் பாசறைக்குப் புறப்படுகிறான். துணைக்கு ஒரு முதிய ஏவலன் மட்டுமே. வழிகாட்ட வேற்றுருவில் எர்மஸ் தேவன் வருகிறான். அக்கிலிசின் குடிலுக்குள் நுழைந்த பிரியாம், அவன் முழங்கால்களைப் பற்றி, தன் மைந்தர் பலரைக் கொன்ற அக்கைகளையே முத்தமிடுகிறான். உன் தந்தையை நினைத்துப்பார், அவரும் என்னைப்போல் முதியவர்தாமே என்பதே அவனது வேண்டுகோளின் சாரம்.

அக்கிலிசின் நெஞ்சில் அச்சொல் தைக்கிறது. தான் இனி ஊர் திரும்பப்போவதில்லை என்பதையும், தன் தந்தை பெலியூஸ் தனித்தே முதுமையடைவார் என்பதையும் அவன் அறிவான். இருவரும் அழுகின்றனர். பிரியாம் ஹெக்டருக்காகவும், அக்கிலிஸ் தந்தைக்காகவும் நண்பனுக்காகவும் அழுகின்றனர். ஒரே கூரையின்கீழ், கொன்றவனும் கொலையுண்டவனின் தந்தையும் சேர்ந்து அழும் இக்காட்சிக்கு இணையான ஒன்றை உலக இலக்கியத்தில் தேடிக் காண்பது அரிது.

பின்னர் அக்கிலிஸ் முதியவரைக் கைகொடுத்துத் தூக்குகிறான். ஹெக்டரின் உடலைக் கழுவி எண்ணெய் பூசுமாறு பணிப்பெண்களுக்குக் கட்டளையிடுகிறான். அதையும் பிரியாமின் கண்ணில் படாத இடத்தில் செய்யச் சொல்கிறான். மகனின் உடலைக் கண்டு தந்தை சினங்கொண்டு ஏதேனும் சொல்ல, தானும் சினங்கொண்டு முதியவரைக் கொன்றுவிடக் கூடாதே என்ற அச்சம் அவனுக்கு. தன் சினத்தைத் தானே அறிந்து, அதற்கு இடங்கொடாமல் முன்கூட்டியே வழியடைக்கும் மனிதனை இங்குக் காண்கிறோம். உடலைத் தன் கைகளாலேயே தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். இருவரும் ஒன்றாக உணவருந்துகின்றனர். அடக்கத்திற்கு எத்தனை நாள் வேண்டும் என அக்கிலிசே கேட்கிறான். பதினொரு நாள் என்கிறான் பிரியாம். அதுவரை போர் நிறுத்தப்படும் என அக்கிலிஸ் வாக்களிக்கிறான்.

டிராய் நகருக்கு உடல் வந்ததும் மூன்று பெண்கள் ஒப்பாரி வைக்கின்றனர்: மனைவி அந்திரோமக்கி, தாய் எக்குபா, இறுதியாக ஹெலன். எந்த ஹெலனுக்காகப் போர் மூண்டதோ அவளே, இந்நகரில் தன்னை ஒருநாளும் கடிந்து பேசாதவன் ஹெக்டர் என்று சொல்லி அழுகிறாள். சிதை எரிகிறது, எலும்புகள் பொற்பேழையில் இடப்படுகின்றன, மேடு எழுப்பப்படுகிறது. காவியம் முடிகிறது.

பன்னிரண்டாம் நாள் போர் மீண்டும் தொடங்கும் என்பது கேட்போர் அனைவருக்கும் தெரியும். அக்கிலிஸ் மாள்வான், அவன் மகனே பிரியாமைக் கொல்வான் என்று பிற்காலக் கதைகள் கூறும். அந்தக் கண்ணீர் போரை நிறுத்தவில்லை. ஆயினும் கவிஞர் அங்கேயே பாட்டை நிறுத்திக்கொண்டார். இதை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

பாட்டும் மண்ணும்

இக்காவியத்தை இயற்றியவராக மரபு கூறும் ஹோமரைப்பற்றி உறுதியான செய்திகள் மிகச் சிலவே. கி.மு. 8-ஆம் நூற்றாண்டை ஒட்டி இப்பாடல் இன்றைய வடிவத்தை நெருங்கியிருக்கலாம் என்பது பல அறிஞரின் கருத்து. கிரேக்கர் பினீசியரிடமிருந்து எழுத்து முறையைக் கற்று வந்த காலம் அது. அதற்கு முன்பு தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே இக்கதைகள் பாடப்பட்டன. மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர் 1933 முதல் 1935 வரை அன்றைய யூகோஸ்லாவியாவில் ஊர் ஊராகச் சென்று எழுத்தறிவற்ற பாடகர்களின் பாடல்களைப் பதிவு செய்தார். அவ்தோ மெஜதோவிச் என்ற பாடகர் 12,000-க்கும் மேற்பட்ட அடிகள் கொண்ட ஒரே பாடலைப் பாடினார். நிலையான அடைமொழிகளையும் தொடர்களையும் கொண்டு, பாடும்போதே பாட்டைக் கட்டும் இக்கலை ஹோமரின் காலத்திலும் இருந்திருக்கிறது என்பதைப் பாரியும் அவர் மாணவர் ஆல்பர்ட் லார்டும் விளக்கினர்.

டிராய் நகர் இருந்ததா? துருக்கி நாட்டின் வடமேற்கில், தார்தனெல்ஸ் நீரிணையின் வாயிலருகே இசார்லிக் என்னும் மேடு உள்ளது. இங்கே டிராய் புதைந்திருக்கலாம் எனப் பிராங்க் கால்வர்ட் முதலில் அகழ்ந்தார். பின் ஜெர்மானிய வணிகர் ஹைன்ரிக் ஷ்லீமன் 1870-இல் தொடங்கிப் பெரிய அளவில் தோண்டினார். 1873-இல் அவர் கண்டெடுத்த பொற்குவியலைப் 'பிரியாமின் புதையல்' எனப் பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார். ஆனால் அது டிராய்ப் போருக்குச் சொல்லப்படும் காலத்திற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. அவர் தேடியது கீழே இருக்கும் என்ற நம்பிக்கையில், மேலடுக்குகளை வெட்டி அழித்துக்கொண்டே சென்றிருந்தார்.

ஒன்றன்மேல் ஒன்றாக ஒன்பது முதன்மை அடுக்குகள் அம்மேட்டில் உள்ளன. அவற்றுள் ஒன்று கி.மு. 1180-ஐ ஒட்டித் தீக்கிரையான தடயங்களைக் கொண்டுள்ளது. இத்தைத்து அரசின் ஆவணங்களில் வரும் 'விலுசா' என்னும் நகரே டிராயாகலாம் எனவும் அறிஞர் பலர் கருதுகின்றனர். நகர் இருந்தது, அழிவும் நேர்ந்தது. ஹோமர் பாடியபடியே ஒரு போர் நடந்தது என்பதற்கு இவை சான்றாகிவிடா. 1998 முதல் அவ்விடம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் களமாக உள்ளது.

திருவிவிலிய வாசகர்களுக்கு அப்பகுதி முற்றிலும் அந்நியமானதன்று. திருத்தூதர் பணிகள் 16-ஆம் அதிகாரத்தில் தூய பவுல் மாசிதோனியருடைய காட்சியைக் கண்ட துரோவா, அம்மேட்டுக்குத் தெற்கே அதே கடற்கரையில் அமைந்திருந்த துறைமுக நகரமாகும். டிராய் நாட்டின் பெயரையே அந்நகரும் தாங்கியிருந்தது.

வென்றோர் வாசித்த விதம்

அம்மேட்டுக்கு வந்த பேரரசர்கள் பலர். கி.மு. 480-இல் கிரேக்கத்தின்மீது படையெடுத்துச் சென்ற பாரசீக மன்னன் செர்க்சஸ் அங்கே ஆயிரம் எருதுகளைப் பலியிட்டதாக எரோதொத்தஸ் எழுதுகிறார். கி.மு. 334-இல் அலெக்சாந்தர் வந்தார். இலியடின் படியொன்றைக் குறுவாளோடு தலையணையின்கீழ் வைத்து உறங்குவது அவர் வழக்கம் எனப் புளூட்டார்க் குறிப்பிடுகிறார். அக்கிலிசைத் தம் மூதாதையாக எண்ணி, அவனது கல்லறைக்கு மாலையிட்டார் அலெக்சாந்தர். 1462-இல், கான்ஸ்டான்டிநோபிளை வென்ற ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமது அங்கு வந்து, கிரேக்கரை வென்றதன் மூலம் டிராய் மக்களுக்காகப் பழிதீர்த்ததாகப் பெருமிதம் கொண்டார் என்று அவர் வரலாற்றை எழுதிய கிரித்தொபுலஸ் கூறுகிறார்.

ஒருவர் புகழைத் தேடினார். மற்றவர் பழியைத் தேடினார். இருவரும் அக்காவியத்தை அறிந்தவர்களே. ஆயினும் குடிலுக்குள் நடந்த அந்தக் கண்ணீரின் பக்கத்தை அவர்களுடைய படையெடுப்புகளில் நாம் காண்பதில்லை.

காத்த கைகள்

திருச்சபையும் இக்காவியத்தை உடனே அணைத்துக்கொள்ளவில்லை. மனிதரின் தீயொழுக்கங்களைத் தேவர்கள்மேல் ஏற்றிப் பாடியதைப் புனித அகுஸ்தினார் கண்டித்தார். சிறுவனாக இருந்தபோது அடியும் அச்சமுமாகக் கற்பிக்கப்பட்ட ஹோமர் தமக்குக் கசந்ததையும் தம் 'ஒப்புகைகள்' நூலில் அவர் எழுதியுள்ளார். புனித பெரிய பசிலியாரோ, தேனீ மலர்களில் வேண்டியதை மட்டும் எடுப்பதுபோல் பிற சமய இலக்கியங்களிலிருந்து நன்மையைத் தேர்ந்துகொள்ளுமாறு இளைஞருக்கு அறிவுரை கூறினார். கீழைத் திருச்சபை பெரிதும் இவ்வழியே சென்றது. பைசாந்தியப் பள்ளிகளில் இலியட் பாடநூலாகவே விளங்கியது.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் தெசலோனிக்கா நகரின் பேராயராக இருந்தவர் யூஸ்தாத்தியுஸ். தூய பவுல் திருமுகங்கள் எழுதிய அதே நகரின் ஆயர்! இலியடுக்கு மிக விரிவான உரையை எழுதியவர் இவரே. 1185-இல் நார்மானியப் படைகள் தெசலோனிக்காவைக் கைப்பற்றின. வந்தவர்கள் வேற்று மதத்தினர் அல்லர்; மேலைத் திருச்சபையைச் சேர்ந்த கிறிஸ்தவர்கள். தேவாலயங்களும் அவர்கள் கையில் தப்பவில்லை. பேராயரும் பிடிபட்டார். தம் மக்களுக்காக வென்றவர்களிடம் பரிந்து பேசினார். நகர் வீழ்ந்த கதையைப் பின்னர் நூலாக எழுதினார். வீழும் நகரைப்பற்றிய காவியத்துக்கு உரையெழுதிய மனிதர், தம் நகர் வீழ்வதைத் தம் கண்களாலேயே கண்டார்.

1204-இல் நான்காம் சிலுவைப் போரின் படைகள் கான்ஸ்டான்டிநோபிளையே சூறையாடின. அக்கொடுமைக்கு ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுகள் கழித்து, 2001 மே மாதத்தில் ஏதென்ஸ் நகரில், திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்து, கத்தோலிக்கர் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். மறுதரப்பின் இறந்தோருக்காக நாம் சிந்திய கண்ணீர் அது. காலம் தாழ்ந்து வந்தாலும் அது வந்தது.

1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் ஒட்டோமானியரிடம் வீழ்ந்தபோது கிரேக்க நூல்கள் அழிந்துபோகுமோ என்று அஞ்சியவருள் ஒருவர் கர்தினால் பெஸ்ஸாரியன். திரெபிசோந்தில் பிறந்து, நிசேயாவின் பேராயராகப் புளோரன்ஸ் பொதுச்சங்கத்தில் கலந்துகொண்டு, இரு திருச்சபைகளின் ஒன்றிப்புக்காக உழைத்தவர் அவர். ஒன்றிப்பு நிலைக்கவில்லை, ஆனால் அவர் சேர்த்த நூல்கள் நிலைத்தன. 1468-இல் அவற்றை வெனிஸ் நகருக்குக் கொடையாக வழங்கினார். அவற்றுள் பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த இலியட் ஏடு ஒன்றும் இருந்தது. காவியத்தோடு, அலெக்சாந்திரியாவின் பண்டைய அறிஞர்களுடைய குறிப்புகளையும் ஓரங்களில் தாங்கிய அவ்வேட்டை 1788-இல் விலுவாசோன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அச்சில் வெளியிட்டார். இன்று உலகெங்கும் இலியடைப் பதிப்பிப்போர் அனைவரும் அந்த ஏட்டுக்குக் கடன்பட்டவர்கள்.

மீண்டும் அதே கரையில்

டிராய் மேட்டிலிருந்து நீரிணையின் மறுகரையை நோக்கினால் கலிப்போலி தீபகற்பத்தின் தென்முனை தெரியும். 1915 ஏப்ரல் 25 அன்று நேச நாட்டுப் படைகள் அத்தீபகற்பத்தில் இறங்கின. அன்றே பிரெஞ்சு வீரர்கள் டிராய்க்கு அருகிலுள்ள கும்காலேயிலும் கரையேறினர். அடுத்த எட்டு மாதங்களில் இருதரப்பிலுமாக ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மடிந்தனர்.

மே 19 அன்று ஒட்டோமானியப் படை ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகளின் பதுங்குகுழிகளைத் தாக்கிப் பேரிழப்புக்கு உள்ளானது. ஏறத்தாழ 3,000 சடலங்கள் இருதரப்புக்கும் இடைப்பட்ட நிலத்தில் கிடந்து அழுகின. மே 24 அன்று காலை 7.30 மணி முதல் மாலை 4.30 மணி வரை போர் நிறுத்தப்பட்டது. இரு படையினரும் குழிகளிலிருந்து வெளியே வந்து இறந்தோரைப் புதைத்தனர். முந்திய நாள்வரை ஒருவரையொருவர் குறிபார்த்தவர்கள் சிகரெட்டுகளைப் பரிமாறிக்கொண்டனர். மாலை ஆனதும் தத்தம் குழிகளுக்குத் திரும்பினர், சுடுதலும் தொடங்கிற்று.

இலியடின் ஏழாம் பகுதியிலும் இத்தகைய போர்நிறுத்தம் ஒன்று வருகிறது. இருதரப்பாரும் களத்தில் சடலங்களைத் தேடுகின்றனர். குருதி படிந்த உடல்களில் எது நம்மவன், எது மற்றவன் என்று அடையாளம் காண முடியவில்லை. நீரூற்றிக் கழுவிய பிறகே முகங்கள் தெரிகின்றன. பதுங்குகுழிக் காலத்து வீரர்களுக்கு இதை யாரும் கற்பித்திருக்க வேண்டியதில்லை. இறந்தவன் முன் பகை சற்றே தலைகுனியும் என்பது மனித இயல்பில் எங்கோ எழுதப்பட்டிருக்கிறது. படைத்தவர் எழுதிய எழுத்து அது என்றே நாம் கொள்கிறோம்.

நம் பணிவாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லி இக்கட்டுரையை முடிக்கலாம். ஒரு பங்கில் திருவிழா உரிமை தொடர்பாக மக்கள் இரு பிரிவாகி, வழக்கு நீதிமன்றம் வரை சென்றிருந்தது. ஒரு பிரிவின் தலைவர் திடீரென இறந்தார். அவருக்குக் கோயில் மணி அடிக்கக் கூடாது என மறுபிரிவினர் இரவிலேயே வந்து நம்மிடம் வற்புறுத்தினர். உடனே மறுத்திருக்க வேண்டிய நாம், அமைதி கெட்டுவிடுமோ என்று அஞ்சி, காலையில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. விடியுமுன்னே அதே மறுபிரிவைச் சேர்ந்த ஒரு பெரியவர் தனியே வந்தார். இறந்தவரோடு பத்தாண்டுகளாகப் பேசாதவர் அவர். கோயில்பிள்ளையிடம் மணிக்கூண்டுச் சாவியை வாங்கிக்கொண்டு, தம் கையாலேயே துக்கமணியை அடித்தார். நம்மிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

வழக்கு அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நடந்தது. ஆனால் அன்று இரு பிரிவினரும் கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தனர். பிரியாம் கேட்டது பதினொரு நாள். நமக்குக் கிடைத்தது ஒரு காலைப்பொழுது. அதைக்கூடத் தர நாம் தயங்கினோம் என்பது இலியடின் இறுதிப் பகுதியைப் புரட்டும்போதெல்லாம் நம் நெஞ்சை உறுத்துகிறது.